404உம் 410உம்

இல்லாத பக்கமொன்றைத் தேடினால் 404 எண்டு வரும். 1990களின் தொடக்கத்தில் உலகளாவிய வலையோடயே பிறந்த எண் அது. பக்கம் இங்கே கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். நிரந்தரமாகவே போய்விட்டது என்று சொல்ல 410 என வேறொரு எண் இருக்கு.

அந்த 404 பக்கத்தைத் தளக்காரர் தங்கட விருப்பப்படி மாற்றலாம். 2012 இல் ஐரோப்பாவில், காணாமல்போன பிள்ளைகளின் படங்களை அதில் போடத் தொடங்கினார்கள். ஏதோ ஒரு பக்கத்தைத் தேடி வந்தவர் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும்போது எங்களுக்கு இது நினைவு வரும். 2017 பெப்ரவரி 20 இல் அங்கே கந்தசுவாமி கோயிலடியில் அம்மாக்கள் படங்களோட இருக்கத் தொடங்கினவை. மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே எண்டு சொல்லுங்கோ என்றுதான் கேட்கினம். அவையளிட்ட 410 ஐ நீட்டினால் எப்படி வாங்குவினம்? தேடல் இன்னும் முடியேல்லை.