மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம்: ஊசல் மணிக்கூடும் மட்டக்களப்பும்

புளியந்தீவுக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தக் கம்பெனி போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தபோது, உலகத்தில் எங்கேயும் ஊசல் மணிக்கூடு இல்லை. 18 வருசம் கழித்து, 1656இல், ஒல்லாந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அதை உருவாக்கினார். நாளுக்குக் கால் மணித்தியாலம் வரை பிழைத்த மணிக்கூடுகள் அதற்குப் பிறகு ஒரு நிமிசத்துக்குள் வந்துவிட்டன.

இது எப்படி வேலை செய்யுது? ஒரு நூலில் கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்க. ஆட்டம் சின்னதாக இருக்கும்வரை, கொஞ்சம் கூட ஆடினாலும் குறைய ஆடினாலும் ஒரு தடவை போய்வர எடுக்கும் நேரம் மாறாது. கல்லின் பாரத்தை மாற்றினாலும் மாறாது. நூலின் நீளத்தை மாற்றினால்தான் மாறும்.

ஆனால் வெறும் கல் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், எண்ணவும் ஆள் வேணும். இந்த இரண்டு வேலைக்கும்தான் மணிக்கூட்டின் மற்றப் பாகங்கள். தொங்கும் பாரம் ஒன்று பற்சக்கரங்களை இழுக்கும். கடைசிச் சக்கரத்தின் பல்லை, நங்கூரம் மாதிரி இருக்கும் ஒரு துண்டு பிடித்துப் பிடித்து விடும். ஊசலின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பல் நழுவும். நழுவும்போது ஊசலுக்கு ஒரு சின்னத் தள்ளும் கிடைக்கும். 'டிக் டிக்' என்பது அந்தப் பல்லின் சத்தம்தான்.

சரி, ஒல்லாந்தில் சரியாக ஓடும் மணிக்கூட்டை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் சரியாக ஓடுமா? ஓடாது. 1672இல் பிரெஞ்சுக்காரரான ஜான் ரிஷே, பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் கயேனுக்குப் போனார். அங்கே அவருடைய மணிக்கூடு நாளுக்கு இரண்டரை நிமிசம் பிந்தியது. பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் அங்கே ஈர்ப்பு குறைவு. நியூட்டன் 1687இல் வந்த தன் நூலில் இந்த அளவீட்டையும் பயன்படுத்தினார்.

அதே ஒல்லாந்தக் கம்பெனி 1686–87இல் ஆல்க்மார் என்ற கப்பலில் ஹைகன்ஸின் மணிக்கூடுகளை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பிச் சோதித்தது. கப்பல் எவ்வளவு தூரம் கிழக்கே மேற்கே போயிருக்கிறது என்பதை நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். இடத்துக்கிடம் ஈர்ப்பு மாறுவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், திரும்பி வந்த கப்பல் அயர்லாந்துத் தரைக்கு மேலால் போனதாக விடை வந்தது! திருத்திய பிறகுதான் வழி கடலுக்குள் வந்தது.

இனி எங்கட கணக்கு. மட்டக்களப்பு ஏறத்தாழ வடக்கு 7.7 பாகையில் இருக்கிறது. ஹேக் நகரத்தில் ஒரு செக்கனுக்கு ஒரு பக்கம் ஆடும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 சென்ரிமீற்றர். இங்கே 99.1 போதும். 3 மில்லிமீற்றர்தானே என்று விட்டால், அங்கிருந்து வரும் மணிக்கூடு இங்கே நாளுக்கு இரண்டே கால் நிமிசத்துக்கும் மேல் பிந்தும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆணியிலிருந்து கல்லின் நடு வரை 99.1 சென்ரிமீற்றர் வருமாறு நூலைக் கட்டுங்க. மெதுவாக ஆட்டி, 50 தடவை போய்வர எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்க. 100 செக்கன் வரும். அந்த 3 மில்லிமீற்றரின் விளைவு இதில் தெரியாது, அதற்கு ஒரு முழுநாள் ஓடும் மணிக்கூடு வேணும். பற்சக்கரத்தைப் பலகையில் வெட்டியும் அதைச் செய்யலாம். ஊசலின் அடியில் மட்டும் ஒரு திருகாணி வையுங்க, குண்டை ஏற்றி இறக்க. வெளிநாட்டு வரைபடத்தில் போட்டிருக்கும் நீளத்தை இந்த மண்ணுக்குத் திருத்துவது அந்தத் திருகாணியில்தான்.