பள்ளியின் மொழியும் வீட்டின் மொழியும்

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளியில் பயின்றது மலையாளம். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. தமிழை அவர் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் அந்நிலை நமக்குப் பழங்கதையாயிற்று.

1983க்குப் பின் கனடாவின் மொன்றியல் நகரில் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கோ அதுவே வாழ்க்கையாயிற்று. கியூபெக் மாநிலத்தின் 1977ஆம் ஆண்டு மொழிச்சட்டப்படி அவர்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றனர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியாக 1967இல் தோன்றிய 'செஜெப்' என்னும் அரசுக் கல்லூரிகளில் அக்கட்டாயம் இல்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலக் கல்லூரிகளின் இடங்களுக்கு வரம்பிட்டது. பிரெஞ்சுக் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டயம் பெற, இலக்கியப் படைப்பொன்றை ஆராய்ந்து பிரெஞ்சில் கட்டுரை எழுதித் தேறவேண்டும்.

வேற்றுமொழியில் இவ்வளவு தேர்ந்தவர்க்குத் தாய்மொழி எட்டாததன்று. கவிமணிக்கு ஒரு தம்பிரான் வாய்த்தார். இப்பிள்ளைகளுக்கு அப்பணியை வீடும் சமூகமும் செய்யவேண்டும் என்பதே நாம் காணும் பாடம்.