நினைவைக் கோத்தவர்கள்

கணினியின் மையமான கெர்னல் நிலைகுலைந்து நின்றுபோனால், அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பாக எடுத்து வைக்கிறார்கள். பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பிறகு அதில் தேடுவார்கள். கிராஷ் டம்ப் என்பது அதன் பெயர். கோர் டம்ப் என்ற பழைய பெயரும் உண்டு. இந்தக் ‘கோர்’ எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்ப் பெண்களின் கைகளிடம் வந்து சேர்ந்தேன்.

1950களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலான கணினிகளின் நினைவகம் கோர் எனப்படும் சிறு ஃபெரைட் வளையங்களால் ஆனது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். காந்தத்தின் திசை மாறினால் 0, 1 ஆகும். மின்சாரம் நின்றாலும் காந்தம் அழியாது. அதனால்தான் விழுந்த கணினியின் கோரைத் தாளில் அச்சிட்டுப் படிக்க முடிந்தது. அந்த வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அப்பல்லோ விண்கலக் கணினியில் நிரலையே கம்பியால் நெய்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. இப்படி 36,864 சொற்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில், ரேதியான் ஆலையில் பெண்கள் இதைச் செய்தார்கள். எந்த இடத்தில் ஊசி நுழைய வேண்டும் என்று எந்திரம் காட்டும், நுழைப்பது கை. பொறியாளர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் ‘சின்னக் கிழவி நினைவகம்’. செல்லம்தான்; ஆனால் திறன் என்ற சொல் அதில் இல்லை. அப்பல்லோ மென்பொருளுக்காக மார்கரெட் ஹாமில்டனுக்கு 2016இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் கிடைத்தது. தாமதமானாலும் நியாயம். நெய்தவர்களோ பொதுநினைவில் இன்றும் ஒரு கூட்டமாகவே நிற்கிறார்கள்.

மீண்டும் டம்புக்கு வருகிறேன். பல கணினிகளில் நினைவக முகவரிகள் தொடர்ச்சியாக இருப்பதில்லை. ஒரு தொகுதி முடிந்ததும் பெரிய இடைவெளி. அதற்கு அப்பால் அடுத்த தொகுதி. ஒவ்வொரு துண்டும் எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை டம்ப் கோப்பின் தலைப்பகுதி சொல்லும். படிக்கும் கருவி அதைப் பொருட்படுத்தாமல், எல்லாம் ஒரே நீட்சி என்று எண்ணிக் கணக்கிட்டால், இடைவெளிக்குப் பின்னுள்ள எல்லாமே இடம் பெயர்ந்துவிடும். ஓரிடத்தில் இருந்ததை இன்னோரிடத்தில் இருந்ததாகப் படிப்போம். பழுதில்லாத தரவு சிதைந்ததாகத் தெரியும். பழியும் தவறான இடத்தில் விழும்.

கணினி வரலாற்றையும் பலர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் இருந்த பகுதியை விட்டுவிட்டு, மிச்சத்தை நெருக்கி ஒட்டி, ஆண்களின் தொடர்ச்சியாகக் காட்டினார்கள். பிறகு, “பெண்கள் ஏன் இந்தத் துறைக்கு வரவில்லை?” என்று கேட்டார்கள். கேள்வியே முகவரி பிசகியது. அவர்கள் வந்திருந்தார்கள்.

ஏடு சிதைந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். தன் சொல்லை இட்டு நிரப்ப மாட்டார், முன்வரியையும் பின்வரியையும் இணைத்தும் விடமாட்டார். தமிழ் படித்த எனக்கு இந்த ஒழுக்கம் பழக்கமானது. பெண்களின் வரலாற்றுக்கும் இதையே கேட்கிறேன். விடுபட்டது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் குறித்துவைப்போம். அப்போதுதான் அதற்கு அப்பால் இருப்பதைச் சரியாகப் படிக்க முடியும்.

காந்த வளையங்கள் வழக்கொழிந்துவிட்டன. ஆனாலும் யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு நிரல் விழுந்தால் பிறக்கும் கோப்புக்கு வழக்கமான பெயர் இன்றும் ‘கோர்’தான்.