வாணிகன்: மதுரை வட்டாரத்தில் ஒரு தொழிற்சொல்லும் அதன் இணைச்சொற்களும்

வாணிகன் (வணிகன்) என்பது பொருளை வாங்கி விற்று ஊதியம் ஈட்டுபவனைக் குறிக்கும் சொல். துலாக்கோலையும் துலா ராசியையும்கூட அது குறிக்கும். தொழிலின் பெயர் வாணிகம், வணிகம். வாணிபம் பிற்கால வடிவம். செட்டி, எட்டி, நாய்கன், பரதர், சாத்தன், வர்த்தகர், வியாபாரி ஆகியவை இதன் இணைச்சொற்களாகத் தரப்படுகின்றன. ஆனால் இவற்றில் எதையும் மற்றொன்றின் இடத்தில் அப்படியே வைத்துவிட முடியாது. விற்கும் சரக்கு எது, அது எவ்வழியாக வருகிறது, விற்பவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர், அவரது தகுதி என்ன என்ற தனித்தனிக் கேள்விகளுக்கு விடையாகப் பிறந்த பெயர்கள் இவை. இதை நிறுவுவதற்கு மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும்போலத் தொடர்ச்சியான சான்று தரும் வட்டாரங்கள் குறைவு.

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டிக்கு அருகிலுள்ள குகைத்தளத்தில், சமண முனிவர்களுக்குக் கொடை தந்தோரின் பெயர்கள் தமிழ்பிராமியில் வெட்டப்பட்டுள்ளன. உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று சரக்கின் பெயரோடு சேர்ந்தே அவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். பணிதம் வெல்லப்பாகு, கொழு ஏர்முனை இரும்பு, அறுவை துணி. கொடையாளியை அடையாளம் காட்ட வெறும் ‘வணிகன்’ போதவில்லை என்பதே இதன் பொருள். சங்கப் புலவர் பெயர்களிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனாரின் பெயரிலும் சரக்கே முன்நிற்கிறது. இந்த அடைமொழிகள் பிற்காலத் தொகுப்பாளர்கள் சேர்த்தவையாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். சேர்த்தவர் யாராயினும், அவர் கையாண்டது அழகர்மலைப் பாறையில் ஏற்கெனவே வழங்கிய அதே பெயரிடும் முறையைத்தான். கொங்கு நாட்டுப் புகளூர்க் கல்வெட்டிலும் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் வருவதால், வழக்கம் மதுரையோடு நின்றுவிடவில்லை என்பதும் தெளிவாகிறது.

சரக்கைப் போலவே கூட்டமும் பெயர் தந்தது. 1882இல் ராபர்ட் சூவல் கண்டறிந்த மாங்குளம் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரோடு ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்ற வணிகக் குழுவையும் குறிக்கின்றன. இவற்றின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நிகமத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் காவிதி என்ற பட்டமும் இருந்திருக்கிறது. சரக்கு வந்த வழியைக் காட்டும் பெயர்கள் வேறு. சாத்து என்பது கூட்டமாகச் செல்லும் வணிகப் பயணம். அதன் தலைவன் சாத்துவன். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான் தரைவழி வணிகத்தையும், கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல்வழி வணிகத்தையும் தம் பெயரிலேயே சுமக்கிறார்கள். உப்பை வண்டியேற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றோர் உமணர். இவர்கள் அனைவரையும் ‘வணிகர்’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், கப்பலுக்கும் மாட்டுவண்டிக்கும் உள்ள வேறுபாடே மறைந்துபோகும்.

இந்தக் கருத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் நிகண்டுகளிலிருந்து வருகிறது. திவாகரம், பிங்கலம் போன்றவை இப்பெயர்களை ஒரே வரிசையில் அடுக்கியிருக்க, அவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கொள்வதில் என்ன பிழை? நிகண்டு செய்யுள் இயற்றுவோரின் தேவைக்காக எழுந்த நூல். இனம் இனமாகச் சொற்களைத் தொகுப்பது அதன் வேலை, அவற்றிடையே உள்ள எல்லையை வரைவதன்று. சிலப்பதிகார உரை மரபோ இப்பர், கவிப்பர், பெருங்குடி என வணிகரை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. எட்டி என்பதும் வணிகர்க்கு அரசு தந்த சிறப்புப் பட்டம். பட்டத்தைத் தொழிலின் பொதுப்பெயர் ஆக்கினால், அதைப் பெறாத ஆயிரம் வணிகர்களைப் பற்றிய செய்தி பொய்யாகிவிடும்.

இன்னொரு மறுப்பு சொற்பிறப்பு பற்றியது. வணிகன் வடமொழி வழி வந்தது என்பர். தமிழ் வேர் காட்டி வாதிடுவோரும் உளர். நிகமமும் செட்டியும் பிராகிருதத் தொடர்புடையவை. சொல் வந்த வழி எதுவாக இருந்தாலும், உப்பு, கொழு, அறுவை என்ற தமிழ்ச் சொற்கள் முன்னின்று அதன் பொருளை வரையறுத்தன. இங்குள்ள வாதத்துக்கு அதுவே போதும். பின்னர் அந்தப் பொருள் குறுகியும் போயிற்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் வாணிய நகரம் என்பது எண்ணெய் வணிகர் குழு, சாலிய நகரம் துணி வணிகர் குழு. இன்றும் வாணியர் என்றால் செக்காட்டி எண்ணெய் விற்ற சமூகத்தாரே. ஒருகாலத்தில் தொழிற்குறியாக வழங்கிய செட்டியும் சாதிப்பெயராக நிலைத்துவிட்டது. அதனால் பழைய ஆவணத்தில் அச்சொல்லைக் கண்டவுடன் இன்றைய சாதியை ஏற்றிப் படிப்பது தவறு.

இக்காலத்தில் ‘வியாபாரி’ எல்லாரையும் தழுவிக்கொண்டதாகத் தோன்றலாம். மதுரைக் கடைவீதிகளின் பேச்சு அப்படிச் சொல்லவில்லை. கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்த வியாபாரியும் தெருமுனைச் சில்லறைக் கடைக்காரரும் ஒருவரல்லர். மாட்டுத்தாவணியில் பூவையும் காய்கறியையும் ஏலம் விட்டுத் தரும் கமிஷன் கடைக்காரர், விவசாயியின் சரக்கை விலைக்கு வாங்குவதே இல்லை. விற்றுக் கொடுத்துக் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். தரகருக்குக் கடையும் தேவையில்லை, சரக்கும் தேவையில்லை. வாங்கி விற்பவன் என்ற அகராதி இலக்கணம் இவ்விருவருக்கும் பொருந்தாது. விலை சரிந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்பதை முடிவுசெய்வது இந்த வேறுபாடுதான். விளைவித்தவருக்கு அது வாழ்வாதாரம் பற்றிய கேள்வி.

ஆகவே அகராதிகள் இணைச்சொற்களை அடுக்குவதோடு அமையக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் சரக்கு, வழி, கூட்டம், தகுதி, வழங்கிய காலம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். உமணரையும் அறுவை வாணிகரையும் பதிந்த அதே அக்கறையோடு, மண்டிக்காரரையும் கமிஷன் கடைக்காரரையும் தரகரையும் அவர்கள் இன்று ஆற்றும் வேலையின் விளக்கத்துடன் சேர்க்க வேண்டும். அப்போதுதான் தமிழ் வணிக வரலாற்றை எழுதுவோர் அகராதியைச் சான்றாக நம்ப முடியும்.