ஒரு வெள்ளியும் கல்விக்கடனும்

பாசிர் பெனம்பாங் என்ற பெயரிலேயே ஒரு படகு இருக்கிறது. மலாயில் பாசிர் என்றால் மணல். பெனம்பாங் என்பது ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இந்தப் பக்கம் கோலா சிலாங்கூர் பட்டணம், அந்தப் பக்கம் எங்கள் மீனவக் கம்பம். இப்போது பாலம் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்கள் சனி ஞாயிறுகளில் பாலத்தைத் தாண்டி வந்து நண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கம்பத்தில் சீனர்களே அதிகம். எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்கள், தோட்டங்கள் கைமாறியபோது வெளியே வந்து, ஐஸ் லாரி, மீன் கொட்டகை என்று ஒட்டிக்கொண்டவை. தாத்தா பால்மரம் வெட்டினார். அப்பா லாரி ஓட்டுகிறார். நான் ஒரு தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஷா ஆலாமில் வேலை செய்கிறேன்.

இதை எங்கள் வீட்டில் சொல்லும் விதம் வேறு. அம்மா சங்கிலியை அடகு வைத்தார், அப்பா இரவு டிரிப் எடுத்தார், பையன் படித்து முன்னுக்கு வந்தான். உண்மைதான். ஆனால் வட சிலாங்கூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். சங்கிலிக்குப் பதில் காப்பு இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வீடுகளில் ஒரே கதை நடந்திருந்தால் அதற்கு வீட்டுக்கு வெளியேயும் காரணம் இருக்க வேண்டும் இல்லையா? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

1923 தொழிலாளர் சட்டத்திலிருந்து தொடங்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். பள்ளி வந்தது. பல இடங்களில் ஒரு கொட்டகை. பாடம் சொல்லிக் கொடுத்தவர் சில சமயம் கிராணியே. பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும், அதன் பிறகு மங்கைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விடும் என்பதுதான் கணக்கு. அந்தப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாதை என்று ஒன்று கிடையவே கிடையாது.

அப்படிப்பட்ட தோட்டத்து ஜனங்கள் 1950களின் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கல்லூரி மூன்றாம் ஆண்டில்தான் ஏதோ ஒரு கட்டுரையில் படித்தேன். நம்ப முடியவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை தொடங்குவதாகப் பேச்சு. ஆலோசனை சொல்ல வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரலாம் என்று பரிந்துரைக்க, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்துப்போனார். மலாயாவுக்கு வந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர் என்னும்போது தமிழ் எப்படிப் பின்னுக்குப் போகும்? அவர் தலையங்கம் எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டம் தோட்டமாக அந்த வெள்ளி சேர்ந்தது. 1956 இல் துறை தொடங்கியது, தமிழ் இடம்பெற்றது, பிறகு 1959 இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த ஒரு வெள்ளியைப் பற்றித்தான். கொடுத்தவர்களின் நாள் கூலியே சில வெள்ளிதான். தங்கள் பிள்ளை அந்தத் துறையில் உட்கார்ந்து படிக்கும் என்று அவர்களில் எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? தன் வீட்டுக்கு வராத ஒரு படிப்புக்குக் கொடுத்த காசு அது. இன்று நம் வீடுகளில் கல்விக்குச் செலவழியும் காசு இந்த ரகத்தைச் சேர்ந்தது இல்லை.

1960 இல் அதே மாதிரி இன்னொன்று. தோட்டத் துண்டாடலில் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம். அது நிலம், இது படிப்பு; ஆனாலும் உண்டியல் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கதவு சாத்தப்பட்டது. 1969 அவசரகால விதிகளுக்கும் 1971 பல்கலைக்கழகச் சட்டத்துக்கும் பிறகு தனியார் யாரும் இங்கே பட்டம் தர முடியாது. சீனர்கள் மெர்டேக்கா பல்கலைக்கழகம் கேட்டு நீதிமன்றம் வரை போய் 1982 இல் தோற்றார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இன விகித ஒதுக்கீடு. வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை மணிப்பாலுக்கோ சென்னைக்கோ அனுப்பின. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். என் அப்பா தலைமுறை முழுக்க இந்த இடைவெளியில் விழுந்ததுதான். அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் கேலி செய்வோம். ஏறியிருந்தாலும் எங்கே போயிருப்பார்?

1996 இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அதன் பிறகு முளைத்த முதல் தனியார் பல்கலைக்கழகங்கள் யாருடையவை என்று பாருங்கள். மல்டிமீடியா பல்கலைக்கழகம் டெலிகோமுடையது. யுனிடென் மின்சார வாரியத்துடையது. பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பெயரே சொல்லிவிடும். தொலைபேசி, மின்சாரம், எண்ணெய். பெயருக்குத்தான் தனியார், பின்னால் நின்றது அரசின் கை. நாட்டுக்குப் பொறியாளர்கள் வேண்டும், அரசு நேரடியாகச் செலவு செய்ய விரும்பவில்லை, சீனரும் இந்தியரும் இடம் கேட்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே மருந்து. அடுத்த ஆண்டே ரிங்கிட் சரிந்து, வெளிநாட்டுப் படிப்பு நடுத்தரக் குடும்பங்களுக்கும் கைக்கெட்டாமல் போனது. அதே 1997 இல் பி.டி.பி.டி.என் கல்விக்கடன் வந்தது. கதவையும் கடனையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கும் ஒன்று வந்தது. சிலாங்கூர் மாநில அரசு 1999 இல் தொடங்கிய யுனிவர்சிட்டி இண்டஸ்ட்ரி சிலாங்கூர், அதாவது யுனிசெல். மாநில அரசுக்குச் சொந்தமான தனியார் பல்கலைக்கழகம்! அதன் பெரிய வளாகம் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007 இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெஸ்தாரி என்றால் அறிவாற்றல் உள்ள என்று பொருள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள்.

அந்த மண்ணில் முதலில் ரப்பர். கூடவே ஈயம், பெர்ஜுந்தை ஈயக் கப்பல்கள் ஒரு காலத்தில் பேர்பெற்றவை. 1985 இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் கப்பல்கள் நின்றன, குட்டைகள் மிஞ்சின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். இதே வட்டாரத்தில்தான் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். பழைய தொழில்கள் கிளம்பிப் போன ஊருக்குத்தான் பெயரிலேயே 'இண்டஸ்ட்ரி' உள்ள பல்கலைக்கழகம் வந்தது. பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் யுனிவர்சிட்டி சிலாங்கூர் ஆக்கிவிட்டார்கள்.

நான் அங்கே படிக்கவில்லை. படித்த இடத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இந்த ரகப் பல்கலைக்கழகங்களில் வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுக்கு மூன்று தவணை. அரசுப் பல்கலைக்கழக நண்பர்கள் நீண்ட விடுமுறையில் பகுதிநேர வேலை பார்ப்பார்கள். எங்களுக்கு விடுமுறை என்பது துணி துவைத்து முடிப்பதற்குள் போய்விடும். தரைவீடு ஒன்றில் ஏழு பேர். சித்தியவானிலிருந்து ஒருவன், பீடோரிலிருந்து ஒருவன், மீதிப் பேர் சிலாங்கூர் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள். எல்லோரும் தமிழ்ப்பள்ளி. வகுப்பில் ஆங்கிலம், அலுவலகத்தில் மலாய், ராத்திரி இரண்டு மணிக்கு அசைன்மெண்ட் புரியாதபோது தமிழ். "டேய், இந்த எண்ட்ரோபி எதுக்குடா ஏறிக்கிட்டே போவுது?" என்று கேட்டவன் இப்போது பினாங்கில் சிப் தொழிற்சாலையில் இருக்கிறான்.

விரிவுரையாளர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர். முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்டார்:

"தம்பி, உங்க ஊரு எது?"

"கோலா சிலாங்கூர், சார்."

"இல்லப்பா, சொந்த ஊரு?"

"அதான் சார் சொந்த ஊரு."

அவர் சிரித்துவிட்டு வெப்ப இயக்கவியலுக்குப் போய்விட்டார்.

கடன் பணம் தவணையின் நடுவில்தான் வந்து சேரும். கட்டணம் பாக்கி இருந்தால் தேர்வுச் சீட்டு கிடைக்காது. அந்த இரண்டு மூன்று வாரங்களில் வீட்டில் யாருடைய பணம் யாருடையது என்ற கணக்கே இருக்காது. கையில் இருப்பவன் கட்டுவான், வந்ததும் திருப்புவோம். முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற சலுகையை நம்பி ராப்பகலாகப் படித்தவர்கள் உண்டு. நிபந்தனைகள் பின்னர் மாறின. கட்டாதவர்களை வெளிநாடு போகவிடாமல் குடிநுழைவில் நிறுத்துவார்கள் என்ற பயம் 2018 வரை எல்லோருக்கும் இருந்தது.

பொறியியல் பட்டத்துக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம். குறைந்தது 8 வாரம். எனக்குக் கிடைத்தது எங்கள் மாவட்டத்திலேயே ஒரு செம்பனை ஆலை. குலைகளை ஏறக்குறைய 3 பார் அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்தால் அந்த நீராவியே டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரமும் தந்துவிடும். பாடப்புத்தகத்தில் நான்கு கோடுகளாக வரைந்திருந்த ரேங்கின் சுழற்சி, அங்கே புகையும் எண்ணெய் நாற்றமுமாக என் எதிரில் நின்றது. வாரக் கடைசியில் தாத்தாவிடம் விளக்கினேன். "இத்தன வருஷம் அந்தக் கொதிகலன் சத்தத்த கேட்டுருக்கேன், உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல" என்றார். நான்காண்டுப் படிப்பில் எனக்குப் பிடித்த நாள் எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

உண்டியல் முற்றாக மறைந்துவிடவில்லை. மஇகாவின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி 1984 இல் தொடங்கி, 2001 இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் உருவானது. நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்து எழுந்த நிறுவனம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி ஊரில் பேசும்போது கட்சி முன்னால் வந்துவிடும், பல்கலைக்கழகம் பின்னால் போய்விடும். சாரங்கபாணியின் ஒரு வெள்ளியிலும் அரசியல் இருந்தது. ஆனால் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் அரசியலாக நினைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான் என்பது என் எண்ணம்.

இன்று கடன் தனித்தனிப் பெயரில் வருகிறது, தனித்தனிப் பெயரில் கழிகிறது. எங்கள் தரைவீட்டில் ஏழு பேருக்கும் ஏழு கணக்கு எண்கள். கல்வி ஒரு சமூகத்தின் கோரிக்கையாக இருந்த காலம் போய், ஒரு குடும்பத்தின் வரவு செலவாகிவிட்டது. அதனால்தான் கட்டணம் ஏறும்போது யாரும் சேர்ந்து எதுவும் கேட்பதில்லை. அவரவர் அம்மாவின் சங்கிலியைப் பார்க்கிறார்கள். மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு என்ற ஏற்பாட்டைப் பற்றி ஆண்டுதோறும் முடிவு வரும் வாரத்தில் சத்தம் போடுவோம். தனியார் பல்கலைக்கழகங்களில் கடனோடு படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி அந்த வாரத்திலும் பேச்சில்லை.

மாமா மகன் எஸ்.பி.எம் எழுதியிருக்கிறான். போன வாரம் ஆற்றோரம் உட்கார்ந்து, "அண்ணே, பிரைவேட்ல எஞ்சினியரிங் எடுக்கலாமா?" என்று கேட்டான். பாடத்திட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடு; அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு, இல்லையென்றால் இங்கேயே பட்டதாரிப் பொறியாளராகப் பதிய முடியாமல் அலைய வேண்டும். கடன் முழுக் கட்டணத்துக்கும் வராது, மிச்சம் எவ்வளவு என்று எழுதிப் பார் என்றேன். பாலிடெக்னிக்கும் மோசமில்லை என்றேன். பிறகு அந்த ஒரு வெள்ளிக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அவங்க பிள்ளைங்க யாராச்சும் அங்க படிச்சாங்களாண்ணே?"

"பேரப்பிள்ளைங்க படிச்சிருக்காங்கடா" என்றேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் படித்துவிட்டு, எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஐந்தாம் ஆண்டில் பாடம் எடுத்த டீச்சரின் பெயரைச் சொன்னேன். அவனுக்கும் அதே டீச்சர்தான்.