தறியும் பள்ளியும்

'நூல்' என்னும் சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். 'பனுவல்' என்பதும் அவ்வாறே. சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து நூலின் இயல்பை விளக்கினார் நன்னூல் தந்த பவணந்தியார். புலமைக்கு உருவகம் தேடிய இலக்கண ஆசிரியர் கைத்தொழிலை நாடினார். கைத்தொழிலாளரைப் புலமையுடையோராக நம் கல்விக்கூடங்கள் ஏற்றனவா? நெசவுக் கல்வியின் வரலாற்றை இவ்வொரு வினாவைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடே பள்ளி

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு வண்ணம் பெறும். அதனை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்வார்க்குத் துணையாகத் தறியின் ஒரு புறத்தில் மற்றொருவர் அமர வேண்டும். அத்துணை பெரும்பாலும் ஒரு சிறுவனே. பாடநூலும் தேர்வும் இன்றிக் கண்ணாலும் விரலாலும் அவன் தொழில் கற்றான். எனினும், இதனைப் பொற்காலமென்று போற்றுதல் பொருந்தாது. தறிக்குழியில் அமர்ந்த சிறுவர் பலர் எழுத்தறியும் வாய்ப்பை இழந்தனர். கைக்கல்விக்கு அவர்கள் கொடுத்த விலை ஏட்டுக்கல்வி.

ஆட்சியாளர் வகுத்த கல்வி

1866ஆம் ஆண்டில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளைப் 18 தொகுதிகளாகத் தொகுத்தார். ஆயத்தமான 20 படிகளுள் 13 பிரித்தானியாவுக்கும் 7 இந்தியாவுக்கும் பகிரப்பட்டன. இந்தியர் உடுப்பது யாதென அங்குள்ள ஆலையாளர் அறிவதே அதன் தலையாய பயனாகும். வடிவம் ஏடேறிற்று; நெய்தவர் பெயர் ஏறவில்லை.

சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வித்து. கைத்தொழில்களைப் பள்ளிக்குள் கொணர்ந்த முன்முயற்சிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் சேலத்தில் அரசின் நெசவுச்சாலை எழுந்தது. கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாவை நெசவாளரிடையே பரப்புவதும், அவர்களை ஒரு கூரையின்கீழ்த் திரட்டுவதும் அதன் குறிக்கோள்கள். தம் இல்லத்தில் தம் விருப்பப்படி உழைத்துப் பழகிய நெசவாளர் சாலையின் மணிக்கணக்குக்கு எளிதில் உடன்படவில்லை. அரசு தொழில் நடத்துவதை இந்திய அமைச்சர் மார்லி 1910இல் மறுக்கவே, சாலை மூடப்பட்டது. ஆயினும், அடுத்த சில பத்தாண்டுகளில் விசைநாடா சென்னை மாகாணத்துத் தறிகளில் பெருவழக்காயிற்று. நெசவாளர் புதுமையை வெறுத்தவரல்லர் என்பது இதனால் பெறப்படும். கருவியை ஏற்றனர், தம் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தனர்.

விடுதலைக்கு முன்னும் பின்னும்

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் நடுநாயகமாக்கிற்று. ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 1956 முதல் புபுல் ஜெயகரின் முன்முயற்சியால் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. பம்பாயில் கே. ஜி. சுப்பிரமணியன், சென்னையில் ரெட்டப்ப நாயுடு போன்ற ஓவியர்கள் அவற்றில் பணியாற்றினர். 1960இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அமைந்தன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு பிளவு நிலைத்தது: கட்டத்தாளில் வரைபவர் கலைஞர், பாவில் நெய்பவர் தொழிலாளி.

அப்பிளவை மாற்ற முனைந்த முயற்சியொன்று 2005இல் கச்சு நாட்டில் தோன்றியது. ஜூடி ஃப்ரேட்டர் நிறுவிய கலா ரக்ஷா வித்யாலயா, மரபுவழிக் கைவினைஞரையே வடிவமைப்பு மாணவராக ஏற்றது. இரு வாரம் வகுப்பு, பின்னர் வீடு திரும்பித் தம் தொழிலிலேயே பயிற்சி, மீண்டும் வகுப்பு. இன்று 'கலப்புக் கற்றல்' எனப் பேசப்படும் முறைக்கு இஃது ஒரு நற்சான்று. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் திரைக்கு மாறியபோது அம்முறையின் எல்லையும் புலப்பட்டது. வடிவத்தைத் திரை காட்டும். இழையின் இறுக்கத்தை விரலே அறியும்.

நிறைவாக

நன்னூலின் அவ்வுருவகத்தை வகுப்பில் ஒருநாள் விளக்கினேன். கதிர் என்பது யாதென நான் சொல்லத் தடுமாறியபோது, மாணவியொருத்தி எழுந்து, இழை முறுக்கேறிக் கதிரில் படிவதைக் கையசைவால் காட்டினாள். அவள் தந்தை கோர்வை நெய்பவர். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் அவள் எழுதியிருந்தது 'கூலி'. அவ்வொரு சொல்லை அவளுக்குக் கற்பித்ததில் நம் கல்விக்கும் பங்குண்டு.

பத்தாண்டுகளாகச் சொல்லை இழையாக்கி வரும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி நெசவை உவமையாக்கும்போது, அந்த உவமையை நமக்குக் கடன் தந்தவர் யார் என்பதையும் நினைவிற் கொள்வோம். 'கூலி' என்று எழுதிய அம்மாணவி, அவ்விடத்தில் 'நெசவுக் கலைஞர்' என்று கூசாமல் எழுதும் நாளே நம் கல்வி நிறைவெய்தும் நாள்.