வீட்டுக்காரர் வெளியேறிய வீடு

1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் முதல் கையேடு உருவானது. அக்காலத்தில் பயனர்களின் வீட்டு அடைவுகள் ‘யுஎஸ்ஆர்’ என்பதன் கீழ் இருந்தன. கென் தாம்ப்சன் அங்கே வெறும் ‘கென்’. டென்னிஸ் ரிச்சியோ மூன்று முதலெழுத்துகளில் ‘டிஎம்ஆர்’. பிற்பாடு நிரல்களும் அவ்வடைவிலேயே குடியேறிப் பெருகின. பயனர்கள் ‘ஹோம்’ என்னும் வேறிடத்திற்குப் பெயர்ந்தனர். (குடக்கூலிக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றிய கதைதான்!)

இதனினும் விந்தை, கடவுச்சொல் கோப்பில் வீட்டு அடைவுக்கு முன்னே நிற்கும் ‘ஜீகாஸ்’ புலம். ஆய்வகத்தின் ஜெனரல் எலக்ட்ரிக் வழிக் கணினிகளுக்கு அச்சுவேலை அனுப்புவதற்கான அடையாளத்தை அதில்தான் எழுதி வைத்தனர். தேவை மறைந்தது, பெயர் மறையவில்லை. இன்று லினக்ஸில் புதிய பயனரைச் சேர்க்கையில் நம் முழுப்பெயர் சென்று அமர்வதும் அவ்விடத்தில்தான்.